புவித்தொடுப்பு

மரக்காலையில் மரியநேசன் கேட்டார்:
"கதவுக்கோ, கட்டிலுக்கோ?"
"கட்டிலுக்கு" என்றேன்.
நாற்பத்தாறு வயதில், மின்சார சபையில்
மீற்றர் வாசிக்கிற ஒருவன்
கிற்றாருக்குப் பலகை அரிய வந்தேன் எண்டு
அந்தப் பெடியளுக்கு முன்னால்
சொல்ல வாய் வரவில்லை.

பூவரசு.
கொக்குவிலில் எங்கள் பின்வேலியில் நின்று
மதில் கட்டவென்று விழுந்தது.
இந்தப் பக்கத்து மரம் எதுக்கும்
அரிய முன் ஒரு கேள்வி இருக்கிறது:
"உள்ளுக்கை இரும்பு கிடக்குமோ?"
தெளிவில்லாத வளையங்களை
நகத்தால் எண்ணிக்கொண்டு போனவர்
ஏதோ ஒரு வருசத்தில் விரலை எடுத்தார்.
"வாள் உடைஞ்சால் காசு உம்மட பொறுப்பு."

பாதியில் வாள் கிறீச்சிட்டது.
மோட்டரை நிற்பாட்டினார்கள்.
ஒருவரும் கதைக்கவில்லை.
உளி போட்டுத் தோண்டி எடுத்தால்,
உடுப்புக் கொடி கட்ட எவரோ அடித்த
மூன்றங்குல ஆணி.
மரியநேசன் சிரித்தார்,
ஒரு ஆணிக்குச் சிரிக்க வேண்டியதிலும் கூட.
அரிவு கூலியில் பாதிதான் வாங்கினார்.

ஆறு மாதம் பலகை காய்ந்தது
எங்கள் கட்டிலுக்குக் கீழே.
ஆகவே நான் சொன்னது
முழுப்பொய் இல்லை.

கழுத்துக்கு முதிரை.
விரற்பலகைக்கு வைரம் பாய்ந்த பனை,
கறுப்பில் மஞ்சள் கோடு கோடாய்,
சீவச் சீவச் சிலாம்பு குத்தும்.
நீளத்தைப் பதினேழு தசம் எட்டு ஒன்று ஏழால் பிரி,
முதல் கட்டை வை,
மிச்சத்தைத் திரும்பவும் பிரி.
கணக்குச் சரி. மூன்று தரம் பார்த்தேன்.
ஐந்தாம் கட்டுக்கு மேல் எல்லாம் அபசுரம்.

பிழை சுகிர்தாவின் அளவுநாடாவில்.
மார்புக்கும் இடுப்புக்கும் இடையில்
இருபது வருசம் இழுபட்டு
அந்த இடம் மட்டும் நீண்டிருக்கிறது.
"என்ர நாடாவில தைச்ச சட்டை
ஒண்டாவது திரும்பி வந்ததோ?"
இல்லை.
உடம்புகள் விட்டுக்கொடுக்கும் போலிருக்கிறது.
பனையை உரித்தெடுத்து அடுப்புக்குக் கொடுத்தேன்.
உருக்கு அடிமட்டம் வாங்கினேன்.

அவளின் தையல் மெசின் மோட்டரில்தான்
பிக்கப் சுற்றினதும்.
தலைமயிரிலும் மெல்லிய செப்புக்கம்பி,
ஏழாயிரம் சுற்று.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில்
வாசலில் யாரோ பிளவுஸ் கேட்டுக் கூப்பிட,
அறுந்தது.
அன்றைக்கு நான் சொன்ன சொல்லை
இதில் எழுத ஏலாது.

போன வெள்ளி, இரவு ஒன்பது மணி.
தந்தி பூட்டி, அம்பிளிபயரில் கொழுவினேன்.
ம்ம்ம்ம்ம்ம்.
யாரும் தொடாமலே.
வீடு வீடாய்ப் போய் நான் வாசிக்கும் மின்சாரம்
என்னுடைய வீட்டில் ஏறி இருந்து
என்னை வாசித்துக் காட்டியது,
ஒரே ஒரு சுரத்தில்.

"உதுக்கோ இவ்வளவு பாடு?" என்று
சுகிர்தா வந்து
ஆறு தந்தியிலும் உள்ளங்கையை வைத்தாள்.

நின்றது.

மின்விசிறி கேட்டது.
அடுத்த வீட்டில் தண்ணீர் மோட்டர் கேட்டது.
"என்ன செய்தனான்?" என்றாள்,
உடைத்துவிட்டேனோ என்ற முகத்தோடு.
தந்திகளைப் புவியோடு தொடுத்திருக்கிறேன் என்றேன்,
தொடுகிற ஆளும் அதோடு சேர்த்தி.
"விளங்கேல்லை" என்றாள்.
கையை எடுக்கவும் இல்லை.

இதற்கு மருந்து எனக்குத் தெரியும்.
பிக்கப் இருக்கும் குழிக்குள்
பால்மாப் பைக்கற்றின் வெள்ளித்தாளை ஒட்டி
ஒரு வயரால் எர்த்துக்குக் கொடுக்க வேண்டும்.
அரை மணித்தியால வேலை.
சனிக்கிழமை டிலோஜன் வருவான்,
எனக்குப் பிடிபடாத இரைச்சலான பாட்டுகளை
இதில் அடித்துப் பார்க்க.
அதற்கு முன் செய்ய வேண்டும்.

சோல்டரிங் கோல் சூடாகித்தான் இருந்தது.
பிளக்கைக் கழற்றிவிட்டு,
கதிரையை அவளுக்குப் பக்கத்தில்
இழுத்துப் போட்டேன்.