விகுதி

ஸ்காபரோவில், மார்க்கம் றோட்டில்,
என் பேஸ்மென்ற் ஜன்னலுக்கு அரைவாசி வரை பனி.
அதற்கு மேலே இரவு.
ஆறாம் பாகத்தின் வசனங்களை விடிவதற்குள் அனுப்பவேண்டும்.

வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
அதற்குள் கப்பல் வெடிக்கவேண்டும்,
காதல் சொல்லவேண்டும், ஒரு கிரகம் அழியவேண்டும்.
எல்லாம் அடங்கிவிடும்.
அடங்காதது வினைமுற்றின் வால்தான்.

ஆங்கிலக்காரருக்கு வந்தால் போதும்,
வந்தது ஆர் என்று வினைச்சொல் கேட்காது.
என் மொழி பியர்சன் விமானநிலையத்து அதிகாரி மாதிரி
ஆணா, பெண்ணா, பெரியவரா, மாடா என்று
விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடும்.

கப்பலை ஓட்டுகிற மூளைக்கு
மூலப்பிரதியில் பால் இல்லை. குரல் மட்டும் உண்டு.
கோப்பி போடவா என்று கேட்கிற,
கப்டன் ஏசினால் மன்னிப்புக் கேட்கிற குரல்.
'சொன்னாள்' என்று எழுதினேன். ஒருவரும் மறுக்கவில்லை.
எதிரிக் கப்பலிலும் ஒரு மூளை.
அது கோப்பி போடுவதில்லை, போர் தொடுக்கிறது.
'சொன்னார்' என்று மாற்றச்சொல்லி
மொன்றியலில் இருந்து மின்னஞ்சல் வந்தது.
இரண்டும் ஒரே தகரம்.

போன கிழமை வேறொரு தொடர்.
காட்டுக்குள் சூனியக்காரி, மலையுச்சியில் மந்திரவாதி.
அவர் தாடியைத் தடவினார், நட்சத்திரங்களை வாசித்தார்.
அவள் சட்டி கிண்டினாள், காரணமில்லாமல் சிரித்தாள்.
கொன்றதை எண்ணிப் பார்த்தேன்,
ஆளுக்குப் பதினொன்று.

இப்போது ட்ரூம்.
வேற்றுக்கிரகத்து உயிர். எட்டுக் கை,
முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை.
ஐந்து பாகமும் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றது,
ஆகையால் 'அவன்'.
சுட்டான். வென்றான். சத்தியம் செய்தான்.
இன்றைக்கு, இருபத்தேழாம் நிமிடத்தில்,
முட்டை இட்டுவிட்டது.

சரிபார்க்கும் ஞானசேயோன் உடனே எழுதுகிறார்:
'அவள். பழைய பாகங்களையும் திருத்துங்கள்.
முட்டையைப் பார்த்து அழுகிறதே, காணவில்லையா?'
நான் கண்டது எட்டுக் கையிலும் ஈரம்.
அழுகையா, வியர்வையா, அந்தக் கிரகத்து மழையா,
தெரியாது.

திறந்தேன். திருத்தினேன்.
ஒரு எழுத்துத்தான். ன் போய் ள்.
சுட்டாள்.
வாசித்ததும் எனக்கே கேட்கத் தோன்றியது,
ஏன் சுட்டாள்?
பிள்ளைக்காக இருக்கும் என்று நானே பதிலும் சொன்னேன்.
ஐந்து பாகமாகச் சுட்டவனிடம்
நான் ஒன்றும் கேட்டதில்லை.

மூன்றரை மணி. பனி வழிக்கிற லொறி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகிறது.
கண்ணாடிக்குள் ஆரென்று தெரியவில்லை.
இந்தக் குளிரிலும் ஓட்டுகிறான் பார்,
என்று மனம் வாக்கியத்தை முடித்துவிட்டது.

எங்கட வீட்டுப் பேச்சில் ஒரு சொல் உண்டு: அவா.
அவளுக்கு மேலே, அவருக்குப் பக்கத்தில்.
சூனியக்காரியை எரிக்கிற காட்சியில் போட்டுப் பார்த்தேன்:
'எரியேக்கையும் அவா தலைகுனியாமல் நிண்டா.'
வட்டார வழக்கு, நீக்கவும், என்று திரும்பி வந்தது.
நீக்கினேன்.
வாடகை மாதம் ஆயிரத்து அறுநூறு.

இரண்டாம் பாகம், பதினான்காம் நிமிடம்.
பீரங்கி இல்லை. முட்டை இன்னும் இல்லை.
ட்ரூம் தனியே, பச்சை நிறத்தில் ஒரு கடலுக்கு முன்னால்.
'கடலைப் பார்த்தபடி நிற்கிறான்.'
ன்-ஐ அழித்தேன்.
ள் போட விரல் போகவில்லை.

கடலைப் பார்த்தபடி நிற்கிறா

எழுத்துப்பிழை என்று ஞானசேயோன் நினைக்கக்கூடும்.
கண்ணில் படாமலும் போகலாம், ஒரு வினாடிதான்.
அனுப்பிவிட்டு எழும்பினேன்.
மேல்வீட்டில் ஆரோ நடக்கிற சத்தம்.
கோப்பி போடவேண்டும்.