நாற்காலிக் கணக்கு

கார்த்திகையில் அதுதான் கடைசி முகூர்த்தம்.
விட்டால் மார்கழி.
தையில் தனசீலனுக்கு லீவு கிடைக்காது,
துறைமுகத்துக் கிரேனிலிருந்து
இறங்கவே விடமாட்டார்கள்.

தண்டையார்பேட்டை மண்டபத்துக்கு
அட்வான்ஸ் கொடுத்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார்:
"மழை புடிச்சா மூணு படி வரைக்கும் தண்ணி ஏறும்மா.
நாலாவது படி ஏறுனதா சரித்திரமே இல்ல."
வெல்கம் போர்டை
நாலாவது படியில் வைப்பதென்று முடிவானது.

மேடைக்குப் பீச் கலர் என்றேன்.
அப்பா தலையாட்டிக்கொண்டே போய்
டெக்கரேஷன் தேசிங்கிடம் சொல்லியிருக்கிறார்.
மறுநாள் சாம்பிள் வந்தது:
நீலத் துணி, தெர்மாகோல் அலை,
இரண்டு சங்கு, ஒரு நங்கூரம்.
"பீச்சுதானே கேட்டீங்க?"
பழம் அண்ணே. பழத்தோட கலர்.
"அந்தப் பழம் மூலக்கொத்தளத்துல கெடைக்குமா?"
நானும் தின்றதில்லை.
செல்போனில் காட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"இது சங்கரா மீன் கலரு.
மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

ரோஜா வேண்டாம், மழைக்கு அழுகும்.
மல்லி விலையைக் கேட்டால்
கல்யாணமே வேண்டாமென்று தோன்றும்.
டிசம்பர் பூ இருக்கிறதே என்றேன்,
ஊதாவும் வெள்ளையுமாய்,
எங்கள் லைனில் உடைந்த பக்கெட்டில்கூடப் பூக்கிறது.
"தலையில வெக்கிற பூவ மேடைக்கா?"
சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்:
டிசம்பர், நாற்பது முழம்.

உட்காரும் இடம்தான் ஓயவில்லை.
கரண்ட் பில்லின் பின்பக்கம்
ஐந்து சோபா வரைந்தேன்.
ஒன்று மாப்பிள்ளையைப் பெற்றவர்களுக்கு.
ஒன்று பூபாலன் பெரியப்பாவுக்கு,
முன்வரிசை இல்லையென்றால்
மொய்க் கவரைப் பிரித்துப்
பாதியை எடுத்துக்கொண்டுதான் தருவார்.
யூனியன்காரர்களுக்கு இரண்டு.
மிச்சம் ஒன்றுக்கு ஏழு பேர்.
சீட்டுப் பணத்தில் முறைத்துக்கொண்ட
லோகநாயகி அத்தைக்கும் புனிதா அத்தைக்கும் நடுவே
ஒரு தூணாவது வேண்டும்.
மண்டபத்தில் தூண் மொத்தமே நான்கு.
மூன்று எங்கள் சொந்தத்துக்கே
சரியாகப் போயிற்று.

பிறகு, கொருக்குப்பேட்டை.

எங்கள் வீட்டில் அவர்களுக்குப் பெயர் கிடையாது.
கொருக்குப்பேட்டை என்றால்
ஒரு பொம்பளை, ஒரு பையன்.
சனிக்கிழமை அப்பா நேரம் கழித்து வந்தால்
ரயில்வே கேட் போட்டுவிட்டான் என்பார்.
பதினோரு வருஷமாய்
சனிக்கிழமை தவறாமல்
அந்தக் கேட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.
பத்திரிகைக் கட்டில் ஒன்று குறைந்திருந்தது.
யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன்.

பென்சிலால் கடைசி வரிசையில் இரண்டு வட்டம்,
கை கழுவும் இடத்துக்குப் பக்கமாக.
அழித்தேன்.
ஜெனரேட்டர் ஓரம் போட்டேன்.
அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.
பேப்பரை ஒரு தரம்தான் பார்த்தாள்.
"அங்க வேணாம். புகை ஆவாது.
ஏசிக்கு நேராவும் போட்டுடாத.
அந்தப் புள்ளைக்கு வீசிங்."

உனக்கு எப்படி
என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.
ஃபேன் காற்றில் பூண்டுத் தோல்
வாசல்வரை பறந்தது.
வெளியே அப்பா வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்,
துடைத்த இடத்தையே.

ராத்திரி தேசிங்கு போன் பண்ணினார்.
"சேரு முந்நூத்தம்பது ஏத்திடவா?"
அப்போதுதான் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது.
கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.
கூட ரெண்டு.
"மாப்ள வீட்டுக் கணக்கா?"
பொண்ணு வீடு.
ரெண்டாவது வரிசை, தூணுக்கு இந்தப் பக்கம்.
"அதுக்கும் ரிப்பன் கட்டணுமா?"
எதிர்முனையில் பேனா மூடி திறக்கும் சத்தம்.
கட்டுங்கண்ணே.
சங்கரா கலர்.