உதைக்காத பொத்தான்

பியூப்லாவில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால்
நான் பஞ்சர் ஒட்டும் கடை.
ரப்பர் பசை வாசனைக்கும் காற்றடிக்கும் எந்திரத்துக்கும் இடையில்
சுவரில் சாய்ந்து நிற்கிறது எங்கள் சண்டைப் பெட்டி.
ஒரு கால் குட்டை.
தேய்ந்த பிரேக் கட்டையொன்றை முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

இரவு ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்குவேன்.
மீதிப் பாதியில் குனிந்து வருவார்கள்.
பதினான்காம் தடத்தில் பேருந்து ஓட்டும் யெசேனியா,
காக்கிச் சட்டை முதுகில் வியர்வை வரைபடத்தோடு.
ரொட்டி வண்டிக்காரன் லிப்ராடோ,
விற்காத இரண்டு பன்களோடு.
கடைசியில் நிக்கானோர்,
பொய்ப்பல் செதுக்கும் வேலை, நகக்கண்ணில் வெள்ளைத் தூள்.

இடது பக்கம் ஆறு பொத்தான். ஆறும் வேலை செய்யும்.
வலது பக்கமும் ஆறுதான்,
ஆனால் ஆறாவது, பலமான உதை,
அழுத்தினால் 'டக்' என்னும். அவ்வளவே.
"என் முன்னாள் கணவன் மாதிரி" என்பாள் யெசேனியா,
"எல்லாவற்றுக்கும் சரி என்று மட்டும் சொல்லும்."

ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணல்.
எங்களுக்கு, சத்தியமாக, கூடமே கோணல்.
ஆகவே ஒரு சட்டம்:
ஜெயித்தவர் வலது பக்கம் நிற்க வேண்டும்.
யார் போட்ட சட்டம், எந்த இரவு,
ஒருவருக்கும் ஞாபகமில்லை.

மூன்று வருடமாய் அங்கே நிற்பவன் நிக்கானோர்.
அவனுடைய நரி முகமூடிக்காரன் குனிவான், தள்ளுவான், தோளால் இடிப்பான்.
என் கரடி உதைக்கக் கால் தூக்கும் அரைக் கணத்தில்
ஊன்றிய காலை வாரிவிடுவான்.
சுவரில் டயர்ச் சாக்கட்டியால் கணக்கு:
நிக்கானோர் அறுநூற்றுப் பதினொன்று.
யெசேனியாவுக்கும் லிப்ராடோவுக்கும் மூன்றே வித்தியாசம்;
அதற்காக ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள்.
என் எண்ணைச் சொல்ல மாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
பெட்டிக்காரக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான்,
காதில் ஸ்பேனர் செருகியிருந்தான்.
கேட்காமலே ஆறாவது பொத்தானை மாற்றிவிட்டுப் போனான்.
புத்தம்புதுச் சிவப்பு.

அன்றிரவு நிக்கானோர் அதை அழுத்தினான்.
நரி எழும்பியது,
அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உதைத்தது.
நாங்கள் யாரும் பார்த்திராத உதை.
அவனே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்;
அதற்குள் என் கரடி முட்டிச் சாய்த்தது.

பிறகு புதுப்பணக்காரன் போல
வேண்டிய இடத்தில் வேண்டாத இடத்தில் உதைத்தான்.
என்னிடம் தோற்றான். லிப்ராடோவிடம் தோற்றான்.
யெசேனியாவிடம் தொடர்ந்து ஐந்து முறை.
சாக்கட்டியை எடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை.
பன் அப்படியே இருந்தது.

புதன் அவன் வரவில்லை.
வியாழன், "பல் வேலை நிறைய" என்று ஆள் சொல்லியனுப்பினான்.
பல் எங்கே ஓடிப்போகும்?

வெள்ளி வந்தான்.
சட்டப்படி வலது பக்கம் யெசேனியாவுடையது.
அவளோ, "அங்கே மின்விசிறிக் காற்று வரவில்லை" என்று
இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டாள்.
எங்கள் கடையில் மின்விசிறி கிடையாது.

நாணயம் போட்டான்.
சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.
'டக்' கூட இல்லை.
விரலை மூக்கருகே கொண்டுபோனான்.
ரப்பர் பசை.

எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தான்.
லிப்ராடோ பன்னைப் பிட்டுக்கொண்டிருந்தான்.
நான் காற்றுக் குழாயைச் சுருட்டினேன்,
ஏற்கெனவே சுருட்டியிருந்ததை.
"எவன் வேலை?"
"சண்டைக்கு வந்தாயா, சாட்சி விசாரிக்க வந்தாயா?" என்றாள் யெசேனியா.

விட்டுக்கொடுத்தாள் என்று நினைக்காதீர்கள்.
நீலச் சடைக்காரியை ஏவி
முதல் சுற்றில் நரியைப் பந்தாடினாள்.
இரண்டாவது அவனுக்கு.
மூன்றாவதில் இருவருக்கும் மயிரிழை உயிர்;
அவள் கால் தூக்கினாள்,
அவன் வாரிவிட்டான்.

மீசையில் மண் ஒட்டவில்லை என்றாள்,
மீசையே இல்லாதவள்.

நிக்கானோர் சாக்கட்டியை எடுத்து
அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினான்.
"நில், செவ்வாய்க்கிழமைக் கணக்கை யார் எழுதுவது?
எனக்கு ஐந்து" என்றாள்.
"அது பொத்தான் கோளாறு."
"எந்தக் கோளாறு? அன்றைக்குத்தானே நன்றாக இருந்தது!"

ஷட்டரை இறக்க மணி ஒன்றரை ஆனது.
தெருமுனை வரைக்கும் கேட்டது சத்தம்.