தண்ணி இன்னிக்குக் கொஞ்சம் சில்லுனு இருக்கு

ஒஸ்ட்ராவாவில், டிராம் பணிமனையில் சேர்ந்த முதல் வாரம்.
பெயின்ட் டப்பாக்கள் வரவில்லை.
வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி
காகிதம் மட்டும் வந்தது.
விளாஸ்திமில் படித்தான், மூக்கைச் சொறிந்தான்,
"தண்ணி இன்னிக்குக் கொஞ்சம் சில்லுனு இருக்கு" என்றான்.
"பழகிடும்" என்றார்கள் பதினோரு பேரும்,
ஒரே மூச்சில், தலை நிமிராமல்.

நான் போய்க் கெட்டிலைப் போட்டேன்.

அன்றிலிருந்து என் பெயர் கெட்டில்.

குடியுரிமைத் தேர்வில் முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கியவள் நான்.
மேலவையில் எத்தனை பேர், எந்த மலை உயரம்,
காட்டில் காளான் பறிக்க யாரைக் கேட்க வேண்டும்,
எல்லாம் தெரியும்.
தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்று
எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

ஜனவரியில் க்வெத்தா கூட்டிப்போனாள்.
முழங்கால் பனி. சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் அரங்கில்
முந்நூறு பேர், தலையில் நீச்சல் தொப்பி,
கம்பளிக் கோட்டின் மேல் துவாலை.
எனக்கும் ஒரு தொப்பி வைத்திருந்தாள்.
மஞ்சள். ரப்பர் வாடை.

கதை இவ்வளவுதான்:
கட்டியதாகக் கணக்கெழுதிய நீச்சல் குளத்தைப் பார்க்க
மேலிடத்து ஆய்வாளர் வருகிறார்.
குழி இருக்கிறது. தண்ணீர் இல்லை.
ஊரே உள்ளாடையோடு இறங்கி
சிமென்ட்டில் வயிறு தேய நீந்துகிறது.
அவர் கரையில் நின்று பார்க்கிறார், நெடுநேரம்.
பிறகு ஷூவைக் கழற்றுகிறார்.
பெருவிரலைக் காற்றில் நனைத்து
அந்த வசனத்தைச் சொல்கிறார்.

ஒன்பது நாள் ஓடியதாம்.
பத்தாம் நாள் பெட்டியோடு பூட்டிவைத்தார்கள், பதினேழு வருஷம்.
பூட்டைத் திறந்தபோது
பார்க்காதவர்களுக்கும் மனப்பாடமாகியிருந்தது.

நல்ல படமா என்றால், இல்லை.
ஒலிவாங்கி இரண்டு இடத்தில் மேலிருந்து எட்டிப் பார்க்கிறது;
முந்நூறு பேரும் அதற்குக் கையசைத்தார்கள்.
கதாநாயகியின் மச்சம் பாதியில் கன்னம் மாறுகிறது.
சிரிக்க ஒன்றுமில்லாத இடத்தில் சிரித்தார்கள்.
என் முன்வரிசையில் ஒருவர்
வெறும் கதவு சாத்துகிற சத்தத்துக்கு அழுதார்.
எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை.
ஆனால் அகராதியில் தேடித் தேடி
நான் எங்கே தவறவிட்டேன் என்று தெரிந்தது:
சொற்கள் எல்லாம் அதில் இருந்தன,
குழி இல்லை.

மார்ச்சில் நிர்வாகம் வந்தது.
திரையில் அம்புக்குறிகள், வண்ண வட்டங்கள்.
மறுசீரமைப்பால் யாருக்கும் பாதிப்பில்லை,
ஏழு பேர் மட்டும் "விடுவிக்கப்படுவார்கள்".
கேள்வி உண்டா என்றார்கள்.

நான் சொன்னேன். உச்சரிப்பு இடறியது.
ஒரு நொடி குழல்விளக்கின் ரீங்காரம் மட்டும்.
பிறகு வந்தது, "பழகிடும்".
எண்ணினேன். பன்னிரண்டு குரல்.
பன்னிரண்டாவது டை கட்டியிருந்தது,
உடனே தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தது.

பட்டியலில் ஏழு ஏழாகவே இருந்தது. அது வேறு.

எங்கள் நாட்டிலும் ஒரு படம் உண்டு.
கழுதைக்குப் பயணச்சீட்டு எடுத்து ரயிலேற்றுவார்கள்.
கிஷினாவில் எந்தப் பேருந்திலும்
"ஐயாவுக்கு ஜன்னலோரம் வேணுமாம்" என்றால் போதும்,
ஓட்டுநர்கூடத் திரும்பிச் சிரிப்பார்.
இங்கே அது செல்லாத காசு.
ஆறு வருஷமாகப் பைக்குள் தடவிப் பார்ப்பதோடு சரி.

அன்றிரவு டிராமில் க்வெத்தா
என்னைத் தாண்டி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.
வாய் தவறி வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை.
"எந்த ஐயா?"
"கழுதை."

இரண்டு நிறுத்தம் போனது.
கண்ணாடியில் படிந்த ஆவியை முழங்கையால் துடைத்துவிட்டு
வெளியே பார்த்தபடியே கேட்டாள்,
"எத்தனை மணி நேரப் படம், கெட்டில்?"