கரி

ஜனவரி. காலை ஐந்தே முக்கால்.
மயூர் விஹாரில் பனிக்குள் கேட் இருக்கும் இடம் தெரியவில்லை.
கேட்டை ஒட்டிய தகரக் கூண்டுக்குள்
ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்.
அதை வைத்துத்தான் வழி பிடிக்கிறேன்.
பையில் கருவி, நாற்பது அட்டைக் குழல்கள்,
இரண்டு பிரதிகளில் ஒப்புதல் படிவம்.

"மூச்சை இழுங்கள். பிடியுங்கள்.
பதினைந்து எண்ணி, மெல்ல ஊதுங்கள்."
ராம்சகல் பாஸ்வான், வயது நாற்பத்தாறு,
பீடி இல்லை, கைனி உண்டு,
ஊர் சமஸ்திபூர் பக்கம்.
கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறார்,
குழந்தையின் சூட்டுக்காயத்தை ஊதுவது போல.

ஐம்பத்தெட்டு.
என் மூச்சில் இரண்டு.

"பின் கேட் சுர்ஜனுக்கு எவ்வளவு?"
"முப்பத்தொன்று."
சிரிக்கிறார். ஜெயித்துவிட்டாராம்.

கார்பன் மோனாக்சைடு பற்றி
மூன்று மொழிகளில் இரண்டு மணி நேரம் பேசுவேன்.
நிறம் கிடையாது, வாடை கிடையாது என்று ஆரம்பித்து,
பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில்
பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு
முன்னாலேயே இடம் பிடித்துவிடும் என்பேன்.
தில்லி மாணவர்களுக்கு அந்தத் துண்டு விளங்காது.
எழுதிக்கொள்வார்கள்.

ராம்சகலிடம் சொன்னது ஒரே வரி:
ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.
"மேடம், இந்த மெஷின் குளிரை அளக்குமா?"
அளக்காது.
"அதையும் அளந்துவிட்டு வந்து சொல்லுங்கள்."

குறிப்பேட்டில்: ஆலோசனை வழங்கப்பட்டது.

மதியத்துக்குள் ரத்தத்தில் பாதி கழிந்துவிடும்,
சாயங்காலத்துக்குள் பாதியில் பாதி.
வட்டிக்காரன் கணக்கைத் தலைகீழாய்ப் பிடித்தது போல
தானாய்க் குறைகிற கடன்.
இரவு எட்டு மணிக்கு
அவர் மறுபடி ஒரு கிலோ கரி வாங்குகிறார்.

நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு
இரண்டாம் அளவீடு எடுக்கவில்லை.
கூண்டின் கதவை உள்ளிருந்து சாத்தி,
கம்பளியைக் கீழிடுக்கில் திணித்துத் தூங்கியிருக்கிறார்.
பிணவறையில் அவர் மனைவி
முகத்துணியை விலக்கிப் பார்த்து,
"கன்னம் எவ்வளவு சிவப்பாயிருக்கு, பாருங்க" என்றாள்,
"கல்யாணத்தப்போ இப்படித்தான் இருந்தார்."
அந்தச் சிவப்புக்குப் பாடப்புத்தகத்தில்
ஒரு பழத்தின் பெயர் வைத்திருக்கிறோம்.
அவளிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு ராத்திரி நானே போய்
ராம்சகலின் கூண்டில் உட்கார்ந்தேன்.
அவருக்கு ஸ்டூல், எனக்கு நாற்காலி,
நடுவே பெயிண்ட் டப்பாவில் செய்த கணப்பு.
மகளின் பாலிடெக்னிக் கட்டணம் பற்றிப் பேசினார்.
முழங்காலில் பல நாளாய் இருந்த வலி
போன இடம் தெரியவில்லை.
தலை கனக்கவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை.
லேசாகத் தூக்கம் வந்தது,
வீட்டில் வருவதை விட நல்ல தூக்கம்.
இரண்டு மணி நேரம் கழித்து ஊதினேன்:
இருபத்திரண்டு.
இதமாக இருந்தது என்று
எந்த அட்டவணையில் எழுதுவது?

அப்போதுதான் பார்த்தேன்,
ஜன்னல் இடுக்கில் மடித்துச் செருகிய காகிதத்தை.
என் படிவம்.
பங்கேற்பாளர் பிரதி, பத்திரமாக வைத்திருக்கவும்.
பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

உருவினேன்.
யமுனைப் பக்கத்துக் காற்று
ஒரு விரல் அகலத்தில் உள்ளே வந்து
நேராக அவர் காதில் பட்டது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மப்ளரை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.
மறுபடி செருகினேன்,
பாதி மட்டும்.

பழைய தமிழில் கரி என்றால்
சாட்சி என்றும் பொருள்.
இந்தியில் அதை அவருக்குச் சொல்ல வழியில்லை.
விடிந்ததும் டப்பாவைக் கவிழ்த்துச்
சாம்பலைக் குச்சியால் கிளறினார்.
வேகாமல் மிஞ்சிய இரண்டு துண்டுகள்.
தட்டி, ஊதி,
மூலையிலிருந்த கோணியில் போட்டார்,
ராத்திரிக்கு ஆகும் என்று.