சினை

மஞ்சக்குப்பம் ஸ்கேன் சென்டரில்
ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், டோக்கன் பதினேழு.
அஞ்சலாட்சி என்ற என்னை
அஞ்சலை என்று கூப்பிடுகிறாள் சீட்டுக்காரப் பெண்.
திருத்த நேரமில்லை, முட்டிக்கொண்டு வருகிறது.

துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம்.
கட்டைவிரலால் வயிற்றை அழுத்திச் சொல்லிவிடுவேன்:
இது சினை, இது வெறும் வயிறு,
இது முந்தாநாள் ஐஸ்.
ஏலத்தில் என் விரலை நம்பி விலை ஏறும்.

என் வயிற்றில் அதே விரல்
மூன்று மாதமாய் ஒன்றும் சொல்லவில்லை.
பாவாடை நாடா நீளம் போதவில்லை.
நாலு வாய்ச் சோற்றில் நிறைந்துவிடுகிறது.
வாயு என்று ஓமத்தண்ணி குடித்தேன்.

பெட்டியிலிருந்து எடுத்த வஞ்சிரம் போல்
ஜில்லென்று கிடந்தேன்.
டாக்டர் நிலோஃபர் திரையைத் திருப்பினார்.
"இது உங்க சினைப்பை."
சிரித்துவிட்டேன்.
மீனுக்கு மட்டும் உள்ளது என்றிருந்தேன்.

"கருப்பா தெரியறது நீர். நீர்க்கட்டி.
சுவர் மெல்லிசா, உள்ளே வேற எதுவும் இல்லாம இருந்தா
பெரும்பாலும் பயமில்ல.
நிறையப் பேருக்கு வரும், தானே கரையும்."

இருந்தா.
ஏலத்தில் ஒருவன் இப்படி இழுத்தால்
விலை இன்னும் படியவில்லை.

"தீட்டு நின்னு எத்தனை வருஷம்?"
நாலு.
பேனா கொஞ்சம் நின்றது.
கருப்புக்கு நடுவே வெள்ளையாய் ஒரு தடுப்பு,
அதன் ஓரத்தில் மிளகளவு முளை.
அது என்ன என்றேன்.
"அதைத்தான் நானும் பாத்துட்டிருக்கேன்."

ரத்தத்தில் ஒரு டெஸ்ட் உண்டாம்,
பெயரிலேயே நூற்றியிருபத்தைந்து,
நெத்திலி விலை மாதிரி.
வேறு காரணத்துக்கும் ஏறுமாம்,
புற்று இருந்தும் ஏறாமல் கிடக்குமாம்.
தராசே சந்தேகம் என்றால்
எதை வைத்து எடை போடுவது?

"ஜிப்மர்ல பாப்பாங்க. தேவைன்னா
உடையாம முழுசா எடுத்து
மைக்ராஸ்கோப்ல வச்சாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

உடையாமல்.
அந்த ஒரு சொல் எனக்குப் புரிந்தது.
பித்தப்பை கிழிந்தால்
மீன் முழுக்கக் கசக்கும்.
இருபத்தாறு வருஷத்தில்
இரண்டு தடவைதான் கிழித்திருக்கிறேன்.

வெளியே டிவிஎஸ்ஸை அணைக்காமல் நின்றிருந்தான் கலியமூர்த்தி.
"வெறும் கட்டியா,
இல்ல... அதுவா?"
பேரைச் சொல்லவில்லை அவன்.

இன்னும் அறுக்கல என்றேன்.
வியாழன் விடிகாலை பாண்டி பஸ்,
கூடையை உன் தங்கச்சி தூக்கட்டும்.

அப்புறம்தான் ஞாபகம் வந்து
கக்கூஸ் எங்கே என்று
திரும்ப உள்ளே ஓடினேன்.