ஒற்றைக் கோடு

ஜெலுத்தோங் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே
பதிவுத் தபாலோடு நின்ற பையன் கேட்டான்:
"கேப்டன் வெள்ளையன் இருக்காராம்மா?"

இல்லை என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
அப்படி ஒருவரோடு நான் குடித்தனம் நடத்தியதில்லை.
என்னோடு இருந்தவர்
தஞ்சோங் தொக்கோங்கில் இருபத்தோரு மாடிக் கொண்டோவின்
வாசல் கம்பத்தை ஏற்றி இறக்கியவர்.
கம்பெனி தைத்துக் கொடுத்த நீலச் சட்டையில்
தோளுக்கு மூன்று தகர நட்சத்திரம்,
எல்லா ஜாகாவுக்கும் ஒரே மாதிரி.
முதல் நாளே பிளேடால் பிரித்து
ஊறுகாய்ப் போத்தலில் போட்டு மூடினார்.
"ரெண்டு வச்சிருந்தேன். மூணு என்னுது இல்ல."
மேற்பார்வையாளன் ஐந்து ரிங்கிட் பிடித்தான்.

கோப்பில் இருந்தது இவ்வளவுதான்:
லெப்டினன்ட் வேலையன், மெஸ் கணக்கில்
எழுநூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட் காணோம்.
லெப்டினன்ட் வெள்ளையன், பதவி பறிக்கப்பட்டது.
நடுவில் ஓர் எல்.
யாரோ ஒரு தட்டச்சர், மதியச் சோற்றுக்கு
முன்போ பின்போ,
அந்த விசையை இரண்டு தடவை தட்டியிருக்கிறார்.
பணம் குறைந்த வாரம் இவர்
கிரிக் காட்டிலிருந்து தூக்கி வரப்பட்டு
மலேரியாவில் பிதற்றிக்கொண்டிருந்தார்.
தைப்பிங் ஆஸ்பத்திரி ஏட்டில்
காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதுவரை இருந்தது.
ஏடு இருந்தது. கேட்டவர் இல்லை.

பிழை என்றால் தவறு.
பிழை என்றால் உயிரோடு இரு.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன்
எங்கள் வீட்டை எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்பது முறை சுங்கை நீபோங்கில் இரவு பஸ் ஏறினார்.
கோலாலம்பூரில், அமைச்சின் கேட்டில்,
அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு
'வருகையாளர்' என்று ஒன்றைக் கழுத்தில் மாட்டுவார்களாம்.
திரும்பி வந்ததும் கேட்பேன்: என்ன சொன்னாங்க?
"பசியாறினேன். தோசை சரியில்ல."

பத்தாவது முறை நான் போனேன்,
அவருடைய இறப்புச் சான்றிதழோடு.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.
அதில் ஒரு பெண் மேஜர்
ஆஸ்பத்திரி ஏட்டின் நகலை விரல் வைத்துப் படித்தாள்,
என் மகள் அரிசியில் கல் பார்ப்பதுபோல.
பிறகு கேட்டாள்: பணத்துக்காகவா, பெயருக்காகவா?
பெயருக்காக என்றேன்.
பணமும்தான் என்றேன்.

இதோ வந்துவிட்டது.
பதவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாகக் கருதப்படும்.
கேப்டனாக உயர்ந்ததாகக் கருதப்படும்.
முறைப்படி ஓய்வு பெற்றதாகக் கருதப்படும்.
அப்படிக் கருதப்படும் ஆண்டுகளில்
மழையில் குடை பிடித்துக்கொண்டு
யார் யாருடைய காருக்கோ கம்பம் தூக்கியது
எவர் கணக்கு?
பொறிக்கலாமென்றால் கல் இல்லை.
சாம்பலைத் தெலுக் பஹாங்கில் கரைத்துப்
பதினொரு மாதம் ஆகிறது.

இரண்டாம் பக்கம் திருப்பினேன்.
நிலுவைத் தொகை பெறுபவர்:
பவளக்கொடி, காலஞ்சென்ற கேப்டன் வேலையனின் மனைவி.

சிரித்துவிட்டேன்.
நாற்பத்தாறு வருடக் குடித்தனத்துக்குப் பிறகு
என்னை அந்த ஆளுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

மகள் போனில் சொன்னாள்:
திருப்பி அனுப்பணும்மா. ஆறு மாசம் ஆகும்.
ஆகட்டும், நகலை அனுப்பு என்றேன்.
இது என்னிடம் இருக்கட்டும்.

கொண்டோ ஏட்டில் கார் எண் தவறிவிட்டால்
அவர் வெள்ளை மை பூசமாட்டார்.
ஒற்றைக் கோடு, அதுவும் மெல்லிசாக;
தப்பு என்னவென்று அடியில் தெரியவேண்டும்.
மேலே சரியானது. ஓரத்தில் சுருக்கொப்பம்.

ஸ்டூலை மேசைக்கு இழுத்துப்போட்டேன்.
கோடு கொஞ்சம் நடுங்கிவிட்டது.
மேலே அவர் பெயர், இரண்டு எல்லோடு.
ஓரத்தில், ப.

போத்தலை இன்னும் திறக்கவில்லை.
மூடி துருவேறி இறுகிக் கிடக்கிறது,
தேங்காய் எண்ணெய் விட்டு
வைத்திருக்கிறேன்.